நடக்கப் போய் நிக்கக் கத்துக்கிட்ட கதை

டாக்டர் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான், தினமும் காலைல நாப்பது நிமிஷம் வேகமா நடங்க. சுகர் பார்டர்ல நிக்குது, இப்பவே நடந்தா மாத்திரை வேண்டாம்னாரு. சரின்னு ஷூ வாங்கி, காதுல இயர்போன மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற ஏரிக்கரைல நடக்க ஆரம்பிச்சேன். ஆறு மாசம் நடந்தும் அந்தக் கரைல என்னென்ன மரம் இருக்குன்னு கேட்டிருந்தா எனக்கு சொல்லத் தெரிஞ்சிருக்காது, பாட்டும் ஸ்டெப் கவுண்ட்டும் மட்டும்தான் தெரியும்.

ஒரு நாள் இயர்போன்ல சார்ஜ் இல்ல. அன்னிக்குதான் அந்த சத்தம் கேட்டுச்சு. டொக் டொக் டொக்னு, யாரோ தூரத்துல செம்பு தட்டுற மாதிரி, ஒரே தாளத்துல விடாம. இங்க யாருடா பாத்திரம் தட்டுறாங்கன்னு சுத்திப் பாத்தேன், ஒருத்தரும் இல்ல. மறுநாளும் அதே சத்தம், அதுக்கு மறுநாளும். வலது பக்கம்னு போனா இடது பக்கம் கேக்குது, இடது பக்கம் போனா தலைக்கு மேல கேக்குது. நாலாவது நாள்தான் கண்ணுல பட்டுச்சு, ஒரு மரத்தோட உச்சில காஞ்சு போன கிளை நுனில, சிட்டுக்குருவியவிட கொஞ்சம் பெருசா ஒரு பச்சைக் குருவி, நெத்தியும் நெஞ்சும் குங்குமம் வச்ச மாதிரி சிவப்பு, கண்ணைச் சுத்தி மஞ்சள். செம்மார்புக் குக்குறுவான்னு பேர் பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன். கத்தும்போது தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டே கத்துமாம், அதனாலதான் சத்தம் எங்கேருந்து வருதுன்னு நம்மளால பிடிக்க முடியல. நாலு நாளா என்னை ஏமாத்துன ஆள் உள்ளங்கைல அடங்கற சைஸ். அன்னிக்கு இயர்போன கழட்டுனவன்தான், இன்னும் மாட்டல.

அப்புறம் எல்லாரும் செய்யற தப்பை நானும் செஞ்சேன், நேரா கேமரா வாங்கினேன். பழைய டிஎஸ்எல்ஆர் ஒண்ணு, தூரத்துல இருக்கறத கிட்ட காட்டற 70-300 எம்எம் லென்ஸ் ஒண்ணு. இப்ப யாராவது என்கிட்ட கேட்டா முதல்ல பைனாகுலர் வாங்குங்கன்னுதான் சொல்லுவேன், 8x42ன்னு போட்டிருக்கும், 8ங்கிறது எத்தனை மடங்கு பெருசா காட்டும்ங்கிறது, 42ங்கிறது முன்னாடி இருக்கற கண்ணாடியோட அகலம் மில்லிமீட்டர்ல. 10 மடங்கு இன்னும் நல்லதுதானேன்னு தோணும், ஆனா கை நடுக்கமும் சேர்ந்து பெருசாகும், தெரியற பரப்பும் சுருங்கிடும், புதுசா பழகறவங்களுக்கு 8 போதும். பழகறதுக்கு ஒரே ஒரு டெக்னிக்தான், பறவைய வெறும் கண்ணால பிடிச்சிட்டு, பார்வைய அது மேலேருந்து எடுக்காம பைனாகுலர கண்ணுக்குக் கொண்டு வரணும். குனிஞ்சு பைனாகுலர பாத்துட்டு மறுபடி நிமிந்து தேடினா அவ்ளோதான், காலி.

முதல் மாசம் எடுத்த போட்டோ எல்லாம் இன்னும் வச்சிருக்கேன், சிரிக்கறதுக்கு. ஆயிரத்துக்கு மேல இருக்கும், அதுல பாதி கரும்புள்ளி. மரத்து மேல இருக்கற பறவைய கீழேருந்து எடுத்தா பின்னாடி வானம் வெளிச்சமா இருக்கும், கேமரா அந்த வெளிச்சத்த பாத்து பயந்து எல்லாத்தையும் இருட்டாக்கிடும், பறவை நிழலாயிடும். அதுக்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்னு ஒரு பட்டன் இருக்கு, வானம் பின்னாடி இருந்தா பிளஸ் 1 வரைக்கும் ஏத்தணும். அதுக்கு நேர் எதிர் வெள்ளைக் கொக்கு, இருண்ட தண்ணி முன்னாடி நிக்கும்போது அதை அப்படியே எடுத்தா கொக்கு உருவத்துல ஒரு வெள்ளை ஓட்டைதான் இருக்கும், இறகு ஒண்ணு கூட தெரியாது. அங்க மைனஸ் 1 பக்கம் இறக்கணும். இது ரெண்டும் புரியறதுக்கே எனக்கு மூணு மாசம் ஆச்சு, யாராவது முதல் நாளே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும், அதான் இங்க சொல்லிட்டேன்.

மீதி பாதி போட்டோ ஆடிப் போனது. 300 எம்எம் லென்ஸ கைல பிடிச்சா, சும்மா கிளைல உக்காந்திருக்கற பறவைக்கே ஷட்டர் ஸ்பீட் ஒரு செகண்ட்ல 1/500 பங்குன்னு வச்சுக்கறது நல்லது, துறுதுறுன்னு ஆடுற தேன்சிட்டு மாதிரி ஆளுக்கு 1/1000, பறக்கறதுக்கு 1/2000. நான் ஐஎஸ்ஓவ, அதாவது கேமரா வெளிச்சத்த எவ்ளோ தூக்கிக் காட்டணும்ங்கிற நம்பர, ஏத்தினா புள்ளி புள்ளியா வருமேன்னு பயந்து 200லயே வச்சிருந்தேன், அதனால ஷட்டர் ஸ்பீட் இறங்கி எல்லாமே மங்கலா வந்துச்சு. புள்ளி வந்தா வரட்டும், அதைக் குறைக்க சாஃப்ட்வேர் இருக்கு, ஆடிப் போன படத்த யாராலயும் ஒழுங்கா மீட்க முடியாது.

ஆனா இதெல்லாம் பட்டன் சமாச்சாரம், ஒரு வாரம் உக்காந்தா வந்துடும். எனக்கு உண்மையிலேயே பிரச்சனை வேற இடத்துல இருந்துச்சு.

ஏரிக்கரைல ஒரு வெண்மார்பு மீன்கொத்தி. முதுகு நீலம், மூக்கு சிவப்பு, பாத்திருப்பீங்க, தண்ணியே இல்லாத இடத்துல கூட கம்பில உக்காந்து வெட்டுக்கிளி ஓணான்னு பிடிச்சு சாப்பிடும். அதை ஒரு நல்ல படம் எடுத்தே தீருவேன்னு முடிவு பண்ணி ரெண்டு வாரம் துரத்தினேன். நான் பதுங்கிப் பதுங்கி போவேன், சரியா லென்ஸுக்கு எட்டற தூரத்துக்கு ஒரு அஞ்சாறு அடி முன்னாடி வரைக்கும் விடும், அப்புறம் கீச்சுன்னு கத்திட்டு அடுத்த கம்பத்துக்கு போயிடும். அங்க போவேன், அதுக்கு அடுத்த கம்பம். கரை முடியற வரைக்கும் என்னைக் கூட்டிட்டு போயிட்டு, கடைசில என் தலைக்கு மேலயே திரும்பிப் பறந்து முதல் கம்பத்துலயே போய் உக்காரும். டாக்டர் சொன்ன வேக நடை அந்த ரெண்டு வாரம்தான் ஒழுங்கா நடந்துச்சுன்னு நினைக்கறேன்.

கரைல எருமை மேய்க்கற பெரியவர் ஒருத்தர் இதை தினம் பாத்துக்கிட்டே இருந்திருக்காரு. ஒரு நாள் கூப்பிட்டு, "அது எங்க தம்பி போகப் போவுது, தெனமும் இந்த மதகுக் கம்பிலதான் வந்து உக்காரும், நீங்க ஏன் பின்னாலயே ஓடுறீங்க"ன்னாரு. ஐயா நான் வந்தா பறந்துடுதேன்னு சொன்னேன். "நீங்க வந்தா பறக்கும், நீங்க இருந்தா அது வரும்"ன்னு சொல்லிட்டு எருமைய ஓட்டிக்கிட்டு போயிட்டாரு.

இந்த ஒரு வரிதான் எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம். மறுநாள் விடியறதுக்கு முன்னாடியே போய் மதகுலேருந்து கொஞ்சம் தள்ளி ஒரு புதரை ஒட்டி உக்காந்தேன், சூரியன் என் முதுகுப் பக்கம் இருக்கற மாதிரி. அரை மணி நேரம் ஒண்ணும் வரல. கொசுதான் வந்துச்சு. அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி அந்த மீன்கொத்தி வந்து கம்பில உக்காந்துச்சு, என்னை ஒரு பார்வை பாத்துச்சு, தண்ணியப் பாக்க ஆரம்பிச்சிடுச்சு. பதினஞ்சு அடி கூட இருக்காது. எனக்கு கை நடுங்கிடுச்சு, முதல் நாலு படம் அதனாலயே போச்சு, அது வேற கதை.

அதுலேருந்து நான் பறவைய தேடறத விட்டுட்டு அது எங்க உக்காரும், எத்தன மணிக்கு உக்காரும்னு தேட ஆரம்பிச்சேன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு டைம்டேபிள் இருக்கு. ரொம்ப சுலபமா கத்துக்கணும்னா பச்சைப் பஞ்சுருட்டான் பாருங்க, கட்டலான் குருவின்னும் சொல்லுவாங்க, வால் நடுவுல ரெண்டு கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும். கரண்ட் கம்பிலயோ காஞ்ச குச்சிலயோ உக்காந்திருக்கும், திடீர்னு பாயும், காத்துலயே ஒரு பூச்சிய பிடிக்கும், பிடிச்சிட்டு பெரும்பாலும் அதே குச்சிக்கு திரும்பி வரும். தேனீயா இருந்தா கொடுக்குப் போற வரைக்கும் குச்சில போட்டு அடிக்கும் தேய்க்கும், அப்புறம்தான் முழுங்கும். இது போட்டோகிராபருக்கு வரம். அது கிளம்பினதும் துரத்தக் கூடாது, குச்சி நுனில ஃபோகஸ் வச்சிட்டு, கேமராவ தொடர்ச்சியா எடுக்கற மோட்ல போட்டுட்டு, கண்ணை வ்யூஃபைண்டர்லேருந்து எடுக்காம சும்மா இருக்கணும். அது திரும்பி வந்து றெக்கை விரிச்சு இறங்கற அந்த அரை செகண்ட்ல விரலை அழுத்தினா போதும். பத்துல ஒண்ணு கிடைக்கும். எனக்கு முதல் தடவை அம்பதுல ஒண்ணு கிடைச்சுது, அதுவும் வால் கட்டாகி.

கிட்டப் போகவே கூடாதுன்னு இல்ல, எப்படிப் போறோம்ங்கறதுதான். நேரா அதையே முறைச்சுப் பாத்துக்கிட்டு நடந்தா பூனை வர்ற மாதிரிதான் அதுக்குத் தெரியும். குறுக்கும் நெடுக்குமா, வேற எதையோ பாக்கற மாதிரி, ரெண்டு அடி வச்சு நின்னு, அது மறுபடி இறகு கோத ஆரம்பிச்சப்புறம் அடுத்த ரெண்டு அடி. கழுத்த நீட்டி உடம்ப ஒல்லியாக்கிக்கிட்டு உங்களையே பாத்துச்சுன்னா நீங்க ஏற்கெனவே அதிகமா வந்துட்டீங்க, அப்படியே நில்லுங்க, முடிஞ்சா ஒரு அடி பின்னாடி போங்க. எச்சம் போட்டுச்சுன்னா பறக்கப் போகுதுன்னு அர்த்தம், எப்பவும் இல்ல, ஆனா பாதிக்கு மேல சரியா வருது, விரல ரெடியா வச்சுக்கலாம். இன்னொண்ணு, கொக்கு நாரை மாதிரி பெரிய பறவைங்க காத்துக்கு எதிராதான் எழும்பும். அதனால காத்து உங்க முதுகுல அடிக்கற மாதிரி நின்னா உங்க பக்கமா எழும்பும், இல்லாட்டி வால்தான் கிடைக்கும். என்கிட்ட வால் கலெக்‌ஷன் நிறைய இருக்கு.

முடிஞ்சா உக்காந்துடுங்க, தரைல இருக்கற பறவைன்னா படுத்துடுங்க. மேலேருந்து கீழ எடுத்த வாலாட்டி படம் வெறும் சாட்சிப் படம், அதோட கண்ணு மட்டத்துல எடுத்தாதான் அது ஒரு ஆள் மாதிரி நிக்கும். பேண்ட் அழுக்காகும். வீட்டுல திட்டு விழும்.

காதும் கண்ணு மாதிரியே வேலை செய்யும்னு மெதுவாதான் புரிஞ்சுது. தவிட்டுக்குருவிக் கூட்டம் தெரியும்ல, ஏழெட்டு பேரா சேர்ந்து தரைல குப்பைய கிளறிக்கிட்டு எப்பவும் சலசலன்னு பேசிக்கிட்டே இருக்கும். அந்த சாதாரண சலசலப்பு ஒண்ணு, பயந்து கத்தறது வேற ஒண்ணு, தொண்டைய கிழிச்சுக்கிட்டு எல்லாம் ஒரே இடத்தப் பாத்து கத்தும், கூடவே அணில் வால ஆட்டி ஆட்டி ட்சிக் ட்சிக்னு நிறுத்தாம அடிக்கும். அப்படி ஒரு சத்தம் கேட்டா நான் இப்ப எந்த வேலையிருந்தாலும் அங்க போய் நிப்பேன். ஒரு தடவை சாரைப்பாம்பு, ஒரு தடவை பூனை, ஒரு தடவை மரப்பொந்துல ஒரு புள்ளி ஆந்தை, சின்னான், தேன்சிட்டுன்னு அக்கம்பக்கத்து ஆளெல்லாம் சேர்ந்து அதை திட்டிக்கிட்டிருந்துச்சுங்க, அது பாட்டுக்கு அரைக்கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்கு. ஆறு மாசமா அந்த மரத்தடிலதான் நான் ஷூ லேஸ் கட்டிக்கிட்டிருந்தேன்.

பேர் கண்டுபிடிக்கறதுல நான் வாங்கின அடி தனி. அமெரிக்காவுல இருக்கற கார்னெல் பல்கலைக்கழகத்தோட பறவை ஆய்வகம் நடத்தற இபேர்ட்னு ஒரு இணையதளம் இருக்கு, 2002லேருந்து இருக்கு, நாம பாத்த பறவைகளோட பட்டியல ஏத்தலாம். அதுல பெருமையா "வல்லூறு"ன்னு, குருவிய வேட்டையாடற சின்ன பருந்து மாதிரி பறவை, போட்டு ஏத்திட்டேன். சரிபாக்கற தன்னார்வலர் ஒருத்தர் ரொம்ப மரியாதையா, படம் இருந்தா சேர்க்க முடியுமான்னு கேட்டாரு. சேர்த்தேன். அது வல்லூறு இல்ல, அக்காக்குயில். சாம்பல் முதுகு, நெஞ்சுல கோடு, பறக்கற விதம் எல்லாம் வல்லூறு மாதிரியே இருக்கும், குருவிங்களே ஏமாந்து பயப்படும்போது நான் எந்த மூலைக்கு. மூக்கப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், வல்லூறுக்கு கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும், இதுக்கு இல்ல, கண்ணைச் சுத்தி மஞ்சள் வளையமும் இருக்கும். பெண் குயில வேற ஏதோ புது பறவைன்னு நினைச்சு ஒரு வாரம் குதிச்சது இன்னொரு கதை, ஆண் கருப்பு, பெண் பழுப்புல வெள்ளைப் புள்ளின்னு அப்ப தெரியாது.

சத்தத்த வச்சு பேர் சொல்ற மெர்லின் ஆப்பும் அந்த கார்னெல்காரங்களோடதுதான், நல்ல ஆப். ஆனா அது சொன்னா வேதவாக்கு இல்ல. ஒரு நாள் வல்லூறுன்னு காட்டுச்சு, நிமிந்து பாத்தா கம்பில கரிச்சான் உக்காந்து அப்படியே வல்லூறு மாதிரி கத்திக்கிட்டிருக்கு. கரிச்சான் மத்த பறவை குரல்ல கத்தும், அதுல வல்லூறு குரல் ரொம்ப இஷ்டம். அதனால ஆப் சொல்றத ஒரு க்ளூவா வச்சுக்கிட்டு, கண்ணால பாத்தப்புறம்தான் நோட்ல எழுதறேன். ஆமா, நோட்டு ஒண்ணு வச்சிருக்கேன், தேதி, மணி, எந்த மரம், என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சு, அவ்ளோதான். போட்டோவவிட அந்த நோட்டுதான் எனக்கு உபயோகமா இருக்கு.

இப்ப சொல்லப் போறத சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். ரெண்டாவது வருஷம், ஏப்ரல் மாசம், நல்ல வெயில். ஏரி பாதி வத்தி சரளைக் கல்லா கிடந்துச்சு, அங்க ஒரு ஜோடி செம்மூக்கு ஆள்காட்டி. பேர்லயே இருக்கு, ஆள் வந்தா காட்டிக் கொடுக்கற பறவை. அன்னிக்கு வழக்கத்துக்கு மேல கத்துச்சு, என் தலைய உரசற மாதிரி பறந்துச்சு, கொஞ்ச தூரத்துல போய் றெக்கைய விரிச்சு நின்னுச்சு. எனக்கு ஒரே குஷி, இவ்ளோ கிட்ட எப்ப கிடைக்கும்னு ஒரு இருபது நிமிஷம் அங்கயே நின்னு சுட்டுத் தள்ளினேன். வீட்டுக்கு வந்து படத்த பெருசு பண்ணிப் பாக்கும்போது ஒரு ஃப்ரேம்ல நான் நின்ன இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி கல்லோட கல்லா மூணு கல்லு மட்டும் வேற மாதிரி வழவழன்னு இருந்துச்சு. முட்டை.

அந்தப் பறவை கூடு கட்டாது, தரைல ஒரு சின்ன பள்ளத்துல போட்டுடும். வெயில் நேரத்துல முட்டை மேல நின்னு நிழல் கொடுக்கும், தண்ணில போய் வயித்து இறக நனைச்சிட்டு வந்து குளிர வைக்கும். நான் இருபது நிமிஷம் அதை வர விடாம வெயில்ல நின்னிருக்கேன், அது கத்துனத போஸ் கொடுக்குதுன்னு நினைச்சிட்டு. மறுநாள் தூரத்துலேருந்து பைனாகுலர்ல பாத்தேன், உக்காந்திருந்துச்சு. பத்து நாள் கழிச்சு இல்ல. குஞ்சு பொரிச்சுப் போச்சா, காக்கா எடுத்துச்சா, எனக்குத் தெரியாது. அந்தப் படம் நிஜமாவே நல்ல படம், கண்ணு ஊசி மாதிரி ஷார்ப்பா இருக்கும், இது வரைக்கும் யாருக்கும் அனுப்பல.

அதுக்கப்புறம் கூட்டுப் பக்கம் போறதில்ல. தெரியாம போய்ட்டா கூட, பறவை கத்த ஆரம்பிச்சா அங்கேருந்து விலகிப் போறதுதான், நாம அங்க நிக்கறத பாத்தே காக்கா வந்துடலாம். குரல ரெக்கார்டிங் போட்டு வரவழைக்கறதும் கிடையாது, தன் இடத்துக்கு எதிரி வந்துட்டான்னு நினைச்சு அது பதறி ஓடி வரும், நமக்கு ஒரு படம், அதுக்கு ஒரு காலைப்பொழுது வீண். ஆந்தைக்கு ஃபிளாஷ் அடிக்கறவங்கள பாத்தா கோவமே வருது. இதுலயும் எனக்கு பங்கு இருக்கு, அந்தப் பொந்து ஆந்தை படத்த எந்த மரம்னு அடையாளத்தோட வாட்ஸாப் குரூப்ல போட்டேன், அந்த ஞாயித்துக்கிழமையே மரத்தடில ஆறு பேர், ஒருத்தர் கல்லெடுத்து மரத்த தட்டிக்கிட்டிருந்தாரு, கண்ணை முழிக்க வைக்க. அப்புறம் ரெண்டு மாசம் அந்தப் பொந்து காலி. இப்ப இடம் கேட்டா "ஏரிப் பக்கம்"னு மட்டும் சொல்றேன், கர்வம்னு நினைக்கறாங்க, நினைச்சிட்டுப் போகட்டும்.

பத்து மணிக்கு மேல பறவை அடங்கிடும், வெயில் ஏறினா தூரத்துப் படமெல்லாம் கானல் மாதிரி நெளியும், எந்த லென்ஸும் அதை சரி பண்ணாது. அந்த நேரத்துல குனிஞ்சு பாருங்க. தட்டான் பஞ்சுருட்டான் மாதிரியேதான், பறந்துட்டு அதே குச்சிக்கு திரும்பி வரும். எருக்கஞ்செடி இருந்தா இலைக்குக் கீழ பாருங்க, கருப்பு மஞ்சள் வரி போட்ட புழு இருக்கும், அது ஆரஞ்சு கலர்ல றெக்கை ஓரம் கருப்பா பறக்குமே அந்த வெந்தய வரியன் பட்டாம்பூச்சியோட புழு. பட்டாம்பூச்சிக்கு காலைல ஏழு எட்டு மணிதான் நல்ல நேரம், உடம்பு சூடாக றெக்கைய விரிச்சு வச்சிட்டு அசையாம உக்காந்திருக்கும்.

செப்டம்பர் அக்டோபர் வந்தா குளிர் நாட்டு விருந்தாளிங்க வர ஆரம்பிக்கும். எங்க ஏரிக்கரைல ஒரு முள்செடில பழுப்புக் கீச்சான் ஒண்ணு வருது, கண்ணுக்குக் குறுக்கே கருப்புப் பட்டை கட்டின கொள்ளைக்காரன் மாதிரி. மூணு வருஷமா அதே செடி. அதே ஆள்தானான்னு என்னால சொல்ல முடியாது, கால்ல வளையம் மாட்டினாதான் தெரியும், ஆனா நோட்ல எழுதி வச்சதப் பாத்தா தேதி கூட ஒரு வாரம் முன்ன பின்னதான் வருது. ஏப்ரல் கடைசில அந்தச் செடி வெறுமனே நிக்கறத பாக்கும்போது பக்கத்து வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டுப் போன மாதிரி இருக்கு.

போன தடவை போனப்ப டாக்டர் என் ஃபோன வாங்கி ஸ்டெப் கவுண்ட்ட பாத்துட்டு, ஒன்றரை மணி நேரம் நடக்கறேன்னு சொல்றீங்க, ரெண்டாயிரம் ஸ்டெப் கூட வரலயேன்னாரு. அதனால இப்ப சாயங்காலம் கேமரா எடுக்காம, நோட்டு எடுக்காம, நிக்கவே கூடாதுன்னு கண்டிஷன் போட்டுக்கிட்டு தனியா ஒரு நடை நடக்கறேன். முந்தாநாள் அப்படி போகும்போது ஒரு கீரி ரெண்டு குட்டியோட நிதானமா பாதைய கடந்துச்சு, நடுவுல நின்னு பின்னங்கால்ல எழும்பி என்னை ஒரு தடவை பாத்துட்டு வேற போச்சு. மணி 5.50, மதகுலேருந்து இருபது அடி. இன்னிக்கு சாயங்காலம் கேமரா எடுத்துட்டுப் போகப் போறேன், டாக்டர்கிட்ட யாரும் சொல்ல வேண்டாம்.